கலையாத கூட்டம்

புயல் மறுநாள் இரவு கரையைக் கடக்கும் என்று வானொலி சொன்னது. மாநாடு மறுநாள் மாலை.

மாவட்டச் செயலாளர் வில்லாளன் தன் ஆசிரியரைக் காரில் உட்காரவைத்து உப்பளத் திடலுக்கு அழைத்து வந்தார். ஆசிரியர் பெயர் அறவாழி. கட்சியின் பயிற்சிப் பாசறையில் முப்பது ஆண்டுகள் பாடம் எடுத்தவர். கோதண்டபாணி என்ற பையனுக்கு வில்லாளன் என்று பெயர் மாற்றி, மேடையில் எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பையனுக்கு இப்போது அறுபது வயது. ஆசிரியர் முன்னால் இன்றுவரை கால்மேல் கால் போட்டதில்லை.

மேடை எழுந்துவிட்டது. மேடைக்கு மட்டும் தகரக் கூரை. கூட்டம் உட்கார வேண்டிய இடம் வெறும் தரை. கொடிகளெல்லாம் கடல்காற்றில் ஒரே பக்கமாக விறைத்து நின்றன.

“துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க ஐயா. புயல் வடக்கே திரும்பிடும்னும் சொல்றாங்க. தலைவர்கிட்டக் கேட்டேன். உன் மாவட்டம், நீயே முடிவு பண்ணுன்னுட்டார்.”

“நல்ல மனுஷர். பழி அவர் பக்கம் வராது.”

வில்லாளன் சிரிக்கவில்லை.

“தள்ளி வெச்சா பக்கத்து மாவட்டத்துக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். எங்க ஊர்ல வெயில் அடிக்குதுன்னு காலையிலேயே தலைவருக்குப் போன் பண்ணிட்டான். மாநாடு போனா எனக்குத் தொகுதியும் போச்சு. இருபது வருஷமாக் காத்திருக்கேன்.”

“சரி.”

“நடத்தலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

ஆசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திடலின் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தார். வில்லாளனும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாற்பத்திரண்டு வருஷம்,” என்று ஆசிரியர் மண்ணைத் தடவினார். “இதே இடம்.”

வில்லாளனின் முகம் இளகியது. “மறக்குமா ஐயா? தென்னங்கீத்து மேடை. ஆறு பெட்ரோமாக்ஸ் லைட்டு.”

“ஏழு. ஒண்ணு எரியல.”

“ஆமாம். சைக்கிள் கடை நமச்சிவாயம் அதுக்குப் பம்ப் அடிச்சிக்கிட்டே இருந்தான். அவனுக்கும் நல்ல தமிழ்ப் பேரா வைக்கலாம்னு நீங்க சொன்னீங்க.”

“முதல்ல லைட்டு எரியட்டும்னான்.”

இருவரும் சிரித்தார்கள். காற்று அந்தச் சிரிப்பைச் சாலைப் பக்கம் கொண்டுபோனது.

“மந்தாரை இலையில புளிச்சோறு,” என்றார் வில்லாளன்.

“உப்பே இல்ல.”

“உப்பளத்துல உட்கார்ந்து உப்பில்லாத சோறு தின்னது நாமதான் ஐயா. ஆனா அந்த ருசி அப்புறம் எந்தக் கல்யாணத்துலயும் கிடைக்கல.”



“அப்புறம் மழை வந்துச்சு,” என்றார் ஆசிரியர்.

“வந்துச்சு. ஒருத்தர்கூட எழுந்து போகல. நான் மேடை ஓரமா நின்னு சோடா ஒடச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன். கண்ணால பார்த்தேன். அத்தனை பேரும் பாயைத் தலைக்கு மேல பிடிச்சிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க.”

அந்தக் காட்சியை மேடையிலிருந்து ஒருவர் படம் எடுத்திருந்தார். மாவட்ட அலுவலகச் சுவரில் இன்றும் அது தொங்குகிறது. பாய்களுக்கு அடியில் எல்லா முகங்களும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். சாய்ந்தடித்த மழைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே தவிர எழுந்து போகவில்லை என்று ஆசிரியர் பாசறையில் விளக்குவார். படத்தின் கீழே அவர் எழுதிய வரி: கொட்டும் மழையிலும் கலையாத கூட்டம். வில்லாளன் அந்த வரியைச் சொல்லித்தான் எந்த உரையையும் தொடங்குவார்.

“நாளைக்கும் கலையாது ஐயா. லாரி, பஸ் எல்லாத்தையும் சர்க்கரை ஆலை மைதானத்துல நிறுத்தச் சொல்லியிருக்கேன். ஏழு கிலோமீட்டர். தலைவர் பேசி முடிச்சாத்தான் ஒரு வண்டி இந்தப் பக்கம் திரும்பும். நீங்க சொல்லிக் குடுத்த வித்தைதானே?”

ஆசிரியர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்,” என்றார்.

மேடையிலிருந்து பந்தல்காரர் கூப்பிட்டார். கூரைத் தகரம் ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. வில்லாளன் போய்ப் பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஆசிரியர் காருக்குப் பக்கத்தில் நின்று, டிரைவர் சம்சுவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வில்லாளன் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மழை கடல் பக்கமிருந்து சரிந்து வந்தது. ஒரு நிமிஷத்தில் மேடை தெரியவில்லை.

“எழுந்திருங்க ஐயா, கார்ல ஏறிடலாம்.” வில்லாளன் திரும்பினார். “கார் எங்க?”

“சர்க்கரை ஆலைக்கு அனுப்பிட்டேன்.”

“என்னங்கய்யா இது? குடை அதுலதான் இருக்கு. போனும் அதுலதான் இருக்கு.”

“இருக்கட்டும்.”

“எப்ப வரும்?”

“பேச்சு முடிஞ்சதும் வரும்.”

“யார் பேச்சு?”

ஆசிரியர் துண்டால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“மேடைக்காவது வாங்க.”

“மேடையில நீ அன்னைக்கே நின்னுட்ட. இங்க உட்காரு.”

எழுபத்தாறு வயது மனிதரை நனையவிட்டுப் போக வில்லாளனால் முடியவில்லை. உட்கார்ந்தார். அந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிற மண் இல்லை. வேட்டிக்கு அடியில் தேங்கியது. எழுந்து நின்றார். திரும்ப உட்கார்ந்தார். வரவேற்பு வளைவு ஒன்று எங்கோ முறிந்து விழும் சத்தம் கேட்டது. மறுபடி எழுந்து, நெற்றியில் கையைக் குடையாக வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

“கோதண்டபாணி.”

அந்தப் பெயரைச் சொல்லி நாற்பத்திரண்டு வருஷமாக யாரும் கூப்பிட்டதில்லை.

“ஐயா.”

“அந்தப் படத்துல எல்லாரும் எந்தப் பக்கம் பாக்கறாங்க?”

“சாலைப் பக்கம். மழை அடிக்குதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்கதானே சொல்வீங்க.”

“சொன்னேன். இவ்வளவு நேரம் நீ எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்ன?”

வில்லாளன் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

“கைக்குழந்தையோட ஒரு பொண்ணு என்கிட்ட வந்துச்சு,” என்றார் ஆசிரியர். “லாரி எப்பண்ணே வரும்னு கேட்டுச்சு. இப்ப உனக்குச் சொன்ன பதிலத்தான் அதுக்கும் சொன்னேன். அது போய் உட்கார்ந்துக்கிச்சு.”

மழை கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்தது.

“அன்னைக்கு வந்தது வெறும் மழை,” என்றார் ஆசிரியர்.

வில்லாளன் மேடைக்கு நடந்தார். பந்தல்காரரிடம் போன் வாங்கி மாவட்ட அலுவலகத்துக்குப் பேசினார். காற்றுச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. “நாளைக்கு இல்ல. ஆமாம், நான்தான் சொல்றேன். ஊர் ஊராச் சொல்லி நிறுத்துங்க. ஒரு வண்டியும் கிளம்பக் கூடாது.” பந்தல்காரரிடமும் ஏதோ சொன்னார். ஆட்கள் கூரைத் தகரங்களைக் கழற்றத் தொடங்கினார்கள்.

அவர் திரும்பி வந்து ஆசிரியருக்குப் பக்கத்தில், தண்ணீரிலேயே உட்கார்ந்தார்.

“தொகுதி போச்சு ஐயா.”

“ம்.”

“மாநாட்டு மலர் அச்சுக்குப் போயிருக்கு. அட்டையில அந்தப் படம்தான். இனிமே அதை எப்படிப் போடறது?”

ஆசிரியர் சம்சுவிடம் குறித்துக் கொடுத்திருந்த நேரத்துக்குச் சாலையில் காரின் விளக்கு மெதுவாகத் திரும்பியது. ஆசிரியர் வில்லாளனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“படம் இருக்கட்டும். கீழ நான் எழுதினத மட்டும் எடுத்துடு.”