நாவல் நிழலில் ஒன்பது தொட்டிகள்

உப்பு வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வர ஒரு மாதம் ஆன காலம் அது. அப்போது மருதங்காடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், கிழக்கு எல்லையில் ஒருவர் தும்மினால் மேற்கு எல்லையில் இருப்பவர் "நூறு வயசு" என்பார். அந்த நாட்டை விறல்வேள் என்ற அரசர் ஆண்டு வந்தார்.

நல்ல அரசர்தான். குடிகளை அடிக்க மாட்டார், பசியோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டார், சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க மாட்டார். இந்தக் கடைசிக் குணத்தைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. பக்கத்தில் இருந்து பட்டவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

ஒரு நாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் ஒரு கூடைப் பழத்தை அவர் முன்னால் வைத்தான். சிவப்பாக, உருண்டையாக, கையில் எடுத்தால் கனமாக இருந்தது. நம் ஊர் மணத்தக்காளிக்கு அண்ணன் போல இருந்ததால் அதையும் தக்காளி என்றே கூப்பிட்டார்கள். அரண்மனைச் சமையல்காரர் அதைப் பிழிந்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தார். அரசர் மூன்று கிண்ணம் குடித்தார்.

"இதற்கு என்ன வேண்டும்?" என்று வணிகனைக் கேட்டார்.

"வெயில் வேண்டும் மகாராசா," என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். எவ்வளவு வெயில் என்று அரசர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் ஊர் ஊராகப் பறை அடித்தார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தக்காளி போட வேண்டும். எந்தத் தோட்டத்திலும் நிழல் விழக் கூடாது. நிழல் தரும் மரம் எதுவானாலும் வெட்ட வேண்டும்.

வேம்பு விழுந்தது. பூவரசு விழுந்தது. புங்கை விழுந்தது. மக்கள் அழவில்லை, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. புதுப் பழ ஆசையில் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள்.

அந்த நாட்டின் தென்கோடியில் சிலம்பாயி என்ற பெண் இருந்தாள். புருஷன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு இருந்தது ஒரு தோட்டமும் அதன் நடுவில் ஒரு நாவல் மரமும். நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரம். தோட்டம் முழுவதும் அதன் நிழல்தான். நிழலில் வரும் இஞ்சியும் மஞ்சளும் வெற்றிலையும் வைத்து அவள் பிழைத்து வந்தாள். மரம் போனால் இஞ்சி கருகும், வெற்றிலை கருகும், அவள் பிழைப்பும் கருகும். ஆனால் அவளைக் கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையில் கண் திறந்தால் அந்த மரம்தான். அது இல்லாத காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் அரசரிடம் நடந்தே போனாள். "மகாராசா, மரத்த விட்டுருங்க. அந்த நிழலுலயே நான் தக்காளி வெளைய வச்சிக் காட்டுதேன்," என்றாள்.

அவையில் எல்லோரும் சிரித்தார்கள். அரசர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "பங்குனி உத்திரத்தன்று ஒரு கூடை நிறையப் பழம் கொண்டு வா. கொண்டு வந்தால் மரம் உன்னுடையது. வராவிட்டால் மரம் விழும்," என்றார். அப்போது புரட்டாசி மாதம்.

சிலம்பாயி முதலில் எல்லோரையும் போலவே செய்தாள். பாத்தி கட்டி முப்பது நாற்று நட்டாள். நாற்றுகள் நூல் மாதிரி மெலிந்து, வெளிச்சத்தைத் தேடி நீண்டு, ஒரே வாரத்தில் மடங்கி விழுந்தன.

மண்ணில் சத்து இல்லை என்று நினைத்து, இரண்டாவது தடவை ஆட்டுப் புழுக்கையை அள்ளிப் போட்டாள். காலையும் மாலையும் தண்ணீர் விட்டாள். நிழல் மண்ணில் ஈரம் காயவில்லை. இலை கரும்பச்சையாக உள்ளங்கை அகலத்துக்கு வந்தது, ஒரு பூ வரவில்லை. பிறகு தண்டு அழுகியது.

மூன்றாவது தடவை அவள் நடவில்லை. உட்கார்ந்தாள்.

தை மாதம் ஒரு காலையில் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். சூரியன் வந்தது. இலை இடுக்குகள் வழியாக வெளிச்சம் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. விழுந்த இடத்தில் எல்லாம் ஒரு சிட்டிகை மாவு வைத்தாள். ஒரு நாழிகை கழித்து வெளிச்சம் நகர்ந்திருந்தது. நகர்ந்த இடத்தில் மறுபடி வைத்தாள். இப்படியே பொழுது சாயும் வரை வைத்தாள்.

கேட்பவர்களே, நீங்கள் நாளைக்கு ஒரு பெரிய மரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்கு கோணலாக இருக்கும், கிழிசலாக இருக்கும், எந்த வடிவத்திலும் இருக்கும். ஆனால் தரையில் விழும் வெளிச்சம் வட்டமாக விழும். ஒவ்வொரு வட்டமும் ஒரு சூரியன். வானத்தில் இருக்கும் ஒன்றேதான் ஆயிரமாகித் தரையில் கிடக்கும். சிலம்பாயி இருபது வருடமாக அதன் மேல் நடந்து போயிருக்கிறாள், அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மிதிக்கப் பயந்து காலை மடக்கிக்கொண்டாள். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் எழுந்து பார்த்தாள். தோட்டத்தில் பல இடங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. சில இடங்களில் ஒன்று, இரண்டு. ஆனால் தெற்கே மண்சுவர் ஓரமாக, பிறை போல வளைந்த ஒரு சின்னத் துண்டில் புள்ளி மேல் புள்ளியாக மாவு வெள்ளையாக அப்பிக் கிடந்தது. நிழல் தோட்டம் என்று ஊரே சொன்ன இடத்துக்கு, சூரியன் தினமும் யாருக்கும் தெரியாமல் வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவள் முப்பது நாற்றை மறந்தாள். ஒன்பது போதும் என்று எடுத்துக்கொண்டாள். சூரியன் மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்பதால் தரையில் நடாமல், கழுத்து உடைந்த பானைகளைத் தொட்டியாக்கி அவற்றில் நட்டாள். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தாள், பட்ட வெளிச்சம் செடி மேல் திரும்பி விழுந்தது. நிலத்தைத் தொடும் இலைகளைக் கிள்ளினாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினாள். பத்து நாளைக்கு ஒரு தடவை மறுபடி புள்ளி வைத்துப் பார்த்துத் தொட்டிகளை நகர்த்தினாள்.

செடி மெதுவாக வந்தது. ஆனால் நிமிர்ந்து வந்தது.

பங்குனி உத்திரம் வந்தது. நாடு முழுவதும் வெயில் தோட்டங்களில் தக்காளி குவிந்து கிடந்தது. சிலம்பாயியின் ஒன்பது தொட்டியிலும் சேர்த்து ஏழு பழம்தான் பழுத்திருந்தது.

அவள் கொழுந்தன் சடையன் பக்கத்துத் தோட்டத்துக்காரன், நல்ல மனசுக்காரன். ஒரு கடகம் நிறையப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மதினி, உங்க ஏழையும் மேல வையுங்க, அடியில எங்க தோட்டத்துப் பழம் கெடக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா," என்றாள் சிலம்பாயி. "அது ஒங்க வெயிலுல வெளைஞ்சது. எங்க மரம் கொடுத்தது ஏழுதான்."

பெரிய கூடையில் ஏழு பழத்தை வைத்துக்கொண்டு போய் நின்றாள். அரசர் எட்டிப் பார்த்தார். நிழலில் விளைந்த பழத்தைப் பார்த்து அவர் முகம் ஒரு நொடி மாறியது உண்மை. ஆனால் கூடை நிறைய என்று சொல்லியாகிவிட்டது. "மரத்தை வெட்டுங்கள்," என்றார். சிலம்பாயி வெறுங்கூடையோடு திரும்பினாள். வழியெல்லாம் அழுதாள்.

அவ்வளவு பெரிய மரத்தைக் கண்டவர் வெட்ட முடியாது. வேலாண்டி ஆசாரிதான் வெட்ட வேண்டும். நாட்டில் தேரும் தூணும் செய்தவர் அவர். மரத்தை வெட்டுவதற்கு அவர்கள் குலத்தில் ஒரு முறை உண்டு. அதை மாற்ற அரசராலும் முடியாது. ஆசாரி வந்து மரத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார். பிறகு மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இதுல குடியிருக்கிற பட்சிகளே, அணிலுகளே, கண்ணுக்குத் தெரிஞ்சவங்களே, தெரியாதவங்களே, நாப்பது நாளைக்குள்ள வேற எடம் பாத்துக்கிடுங்க. ஒரு உசுரு பாக்கி இருந்தாலும் நான் கோடாலி வைக்க மாட்டேன்."

நாற்பது நாள் என்பது சாதாரணமாகப் போயிருக்கும். அந்த வருடம் போகவில்லை. சித்திரை பிறந்ததும் வெயில் தீயாகக் கொட்டியது. தடுக்க ஒரு மரம் இல்லை. தக்காளிப் பூ மதியத்துக்குள் உதிர்ந்தது, காய் ஒரு பக்கம் வெந்து வெளுத்தது, செடி வேரோடு காய்ந்தது. அரண்மனைத் தோட்டத்தில் நூறு பேர் குடம் குடமாக ஊற்றினார்கள், தண்ணீர் மண்ணைத் தொடும் முன்பே சுட்டது. கத்திரி வெயில் தொடங்கி எட்டாம் நாள் நாடு முழுவதும் ஒரு தக்காளி இல்லை.

அந்த நேரம் பார்த்து அரசிக்கு மூன்றாம் மாதம். மசக்கை அவளைப் போட்டு வாட்டியது. சோறு தங்கவில்லை, பால் தங்கவில்லை, கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. தக்காளி ரசம் ஒன்றுதான் உள்ளே நின்றது, இப்போது அதுவும் இல்லை. நாலு நாளில் கன்னம் ஒட்டிப் படுத்துவிட்டாள். வைத்தியர் அரசரைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே போனால் இரண்டு உயிரும் கையில் இல்லை," என்றார்.

அரசர் குதிரையில் நாடு முழுவதும் ஓடினார். எந்தத் தோட்டத்திலும் சருகுதான். கடைசியாகத் தென்கோடிக்கு வந்தார். நாவல் நிழலுக்குள் நுழைந்ததும் அவர் குதிரை தானாக நின்றுவிட்டது. வெளியே உலை, உள்ளே குளிர். தெற்குச் சுவர் ஓரமாக ஒன்பது தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பூ, பிஞ்சு, காய், பழம். மற்றவர்களுக்குப் பகையான வெயிலை அந்த மரம் வடிகட்டி, செடிக்கு வேண்டியதை மட்டும் கீழே விட்டுக்கொண்டிருந்தது. அரசர் குதிரையிலிருந்து இறங்கி, அரசியின் நிலையைச் சொல்லிப் பழம் கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் சடையன் சிலம்பாயியின் காதோடு சொன்னான். "மதினி, இப்பம் விட்டா பெறகு கெடையாது. மரத்தக் கேளுங்க, பெறகு பழத்தக் கொடுங்க."

அவள் அதற்குள் பறித்துக்கொண்டிருந்தாள். "வாயில வச்சது ஒண்ணும் தங்காத பிள்ளத்தாச்சில்லா கேக்கா. அவளுக்கு வெல வச்சிக் கொடுத்தா அது வயித்துல தங்குமா கொழுந்தனாரே?" என்றாள். பழுத்த மூன்றையும் முந்தானையில் துடைத்து அரசர் கையில் வைத்தாள். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு அரசி ரசம் குடித்தாள். அது தங்கியது. மறுநாள் இரண்டு பழம் போனது, அதற்கு மறுநாள் மூன்று. மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

நாற்பதாம் நாள் வந்தது. அரசர் மரத்தடியில் வந்து நின்றார். அவருக்கு மரத்தை வெட்ட மனசில்லை. ஆனால் சொல்லைத் திரும்ப எடுத்துப் பழக்கமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆசாரியின் கோடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலம்பாயி மரத்தில் கை வைத்தபடி நின்றாள்.

ஆசாரி மரத்தை மூன்று தடவை சுற்றினார். "கிளி போயிட்டுது," என்றார். "அணில் போயிட்டுது. பொந்துல இருந்த ஆந்தையும் போயிட்டுது." பிறகு கோடரியைக் கீழே வைத்தார். "ஆனா இன்னும் ஒரு உசுரு போகல மகாராசா. நான் வெட்ட முடியாது."

"யார்?" என்று கேட்டார் அரசர்.

"ஒங்க பிள்ளை. அரசியம்மா வயித்துல இருக்கிறது. அதுக்குச் சோறு இந்த மரத்துலருந்துதான் போவுது."

அரசர் அண்ணாந்து பார்த்தார். அவர் முகமெல்லாம் வெளிச்ச வட்டங்கள் விழுந்து நகர்ந்தன. கண்ணில் தண்ணீர் நிறைந்ததை அவர் மறைக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றிச் சிலம்பாயிக்குக் கை குவித்தார். "நான் வாங்கியது கூடைக் கணக்கில் இல்லை அம்மா, உயிர்க் கணக்கில்," என்றார். பிறகு ஆசாரியிடம் திரும்பி, "அந்தப் பிள்ளை இந்த மரத்தை விட்டுப் போகிற நாளில் வெட்டுங்கள். அதுவரை யாரும் தொடக் கூடாது," என்று சொல்லித் தன் கையாலேயே மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார்.

பிறந்தது பெண் பிள்ளை. அது தவழ்ந்தது அந்த நிழலில், நடந்தது அந்த நிழலில், பிறகு பட்டத்துக்கு வந்து நாட்டுக்கெல்லாம் மரம் வைத்ததும் அந்த நிழலில் உட்கார்ந்து யோசித்துத்தான். எழுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்தாள். அவள் அந்த மரத்தை விட்டுப் போகவே இல்லை.

பெரியவர்களே, பிள்ளைகளே, இதன் நீதி இதுதான்: தனக்கு வருவது எவ்வளவு என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவருக்குக் கொஞ்சமும் போதும், பார்க்காமல் வெட்டுகிறவருக்கு எவ்வளவு வந்தாலும் போதாது.