அண்டாவின் இன்னொரு காது

"தியானம் வேலை செய்யலைம்மா," என்றான் திருமேனி. "ஊருக்கே போயிடறேன்."

குரு அரிசி களைந்துகொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து குறை சொல்ல வந்தவர்களில் இவன் எத்தனையாவது ஆள் என்பது அவளுக்கே மறந்திருந்தது.

"எதை வச்சு சொல்ற?"

மடத்துக்கு வந்தபோது எவ்வளவு கோபம் வந்ததோ, அதே அளவுதான் இப்போதும் வருகிறது என்றான். மூன்று மழைக்காலம் கண்ணை மூடி உட்கார்ந்ததெல்லாம் வீண்.

"வராமலே இருந்திருந்தா?"

"அது எப்படிம்மா தெரியும்?"

"உன்னை மாதிரியே ஒருத்தர், ஆனா இங்கே வராதவர், இருக்காங்களா?"

இருந்தாள். நாச்சியா, கூடப் பிறந்த இரட்டை. கோபம் ஏறினால் இரண்டு பேருக்கும் ஒரே கீச்சுக்குரல். கத்துவது யார் என்று தெருவுக்கே குழப்பம். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தலைப்பக்கம் இவனும் கால்பக்கம் அவளுமாகப் பிடித்துத்தான் புரட்டிப் போடுவார்கள். ஒரு விடியலில் இவன் பேசாமல் எழுந்து மடத்துக்கு வந்துவிட்டான். ஞானம் தேடுகிறவர்கள் ஏனோ வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதே இல்லை.

"போய் அவளைப் பாத்துட்டு வா."

போனான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம்.

"நான் இங்கேயே இருக்கேம்மா. தியானம் வேலை செஞ்சிருக்கு."

நாச்சியாவின் கோபம் பல மடங்கு ஏறிக் கிடக்கிறதாம். அப்பாவைத் தனியாளாகப் புரட்டிக்கொண்டிருந்தவள், இவனை வாசலில் கண்டதும் சொம்பை விட்டெறிந்தாளாம். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று ஊரே கூடும்படி கத்தினாளாம்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் ஆரம்பிச்சோம். அவளுக்கு ஏறிடுச்சு, எனக்கு ஏறலை. நடுவுல இருக்கிற வித்தியாசம் தியானத்தோட பலன்தானே?"

கழித்தல் சரிதான். குருவுக்கு அதுதான் எரிச்சல்.

அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கிணற்றடியில் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு காதை அவள் பிடித்தாள். இன்னொரு காதை அவன் பிடித்தான். சமையற்கட்டை நோக்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பாதி வழியில் அவள் கையை எடுத்துவிட்டாள்.

மொத்தக் கனமும் அவன் தோளைப் பிடுங்கியது. அண்டா சாய்ந்து, காவி வேட்டி நனைந்து, கால்விரல் நசுங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு விடக் கூடாதா?"

மடமே திரும்பிப் பார்த்தது. குரு பார்க்கவில்லை, அவள் அரிசிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவன் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தபடியே நின்றான்.

கத்தியது யார் என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது.