போட்ட முதலை எடுத்தவர்கள்

தேனிக்குத் தெற்கே, ஆடி மாதம் வந்தால் ஆளையே தூக்கிப் போகிற மாதிரி காற்றடிக்கும் பள்ளத்தாக்கில் உறுமிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே நாலு பேர் கூட்டுச் சேர்ந்து தலையணைக் கம்பெனி ஆரம்பித்தார்கள். நாலு பேருமே கெட்டிக்காரர்கள். சந்தேகமிருந்தால் அவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

மூத்தவர் சுருளிவேல். ஆள் உயரம். தூரத்தில் வருகிற நஷ்டம் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும் என்று அவரைத் தலைவராக்கினார்கள். அடுத்தது ஒச்சப்பனும் அவன் பெண்டாட்டி போதும்பொண்ணும். தையல் மிஷின் போதும்பொண்ணுடையது என்பதால் தைக்கிற வேலையும் அவளுடையது. நாலாவது ஆள் மொக்கையன். தன்னுடைய ஒரே பசுமாட்டை இருபதாயிரத்துக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து போட்டவன் அவன்தான். பஞ்சு, துணி எல்லாம் அதில்தான் வந்தன.

போர்டு எழுத பெயிண்டர் பவுன்ராஜைக் கூப்பிட்டார்கள். எழுத்துக்கு நூறு ரூபாய் என்றான்.

"நால்வர் தலையணைக் கம்பெனி" என்று வைப்பதாகப் பேச்சு. சுருளிவேல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நால்வருன்னா நாலு எழுத்து. மூவருன்னா மூணுதான் வருது. நூறு ரூபா மிச்சம்."

"அப்ப நம்மள்ல ஒரு ஆளை நீக்கிருவமாண்ணே?" என்றான் ஒச்சப்பன்.

யாரை நீக்குவது என்று மத்தியானம் வரைக்கும் பேசினார்கள். ஒருவரும் நகருவதாக இல்லை. கடைசியில் போதும்பொண்ணுதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஐவருன்னாலும் மூணு எழுத்துத்தானே?"

எல்லோரும் அசந்துபோனார்கள். ஐந்தாவது ஆளுக்கு எங்கே போவது என்று திரும்பிப் பார்த்தால், பிரஷ்ஷும் கையுமாக பவுன்ராஜ் நின்றுகொண்டிருந்தான். அப்படித்தான் நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, ஐந்தில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்தார்கள். பங்காளியான பிறகு, சொந்தக் கம்பெனி போர்டை ஓசியில் எழுதுவது கௌரவக் குறைச்சல் என்று அவன் எழுத்துக்கூலியையும் வாங்கிக்கொண்டான்.

தலையணை நன்றாகவே விற்றது. பஞ்சு, துணி, குடோன் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு தலையணைக்கு நூற்றெண்பது ரூபாய் ஆனது. டவுனில் ஒரு பெரிய மெத்தைக் கடைக்காரர் நூற்றைம்பதுக்கு விற்றார். அவருக்கு நாம் என்ன குறைச்சல் என்று இவர்களும் நூற்றைம்பதே வைத்தார்கள். வாரச்சந்தையில் கொண்டுபோய் இறக்கினால் பத்து மணிக்குள் காலி.

நாலு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் பஞ்சு வாங்கக் காசு எடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தால் டப்பா மட்டும்தான் இருந்தது.

"விக்கிறதைப் பார்த்தா நாம பணக்காரங்கதான்" என்றார் சுருளிவேல். "பணத்தைப் பார்த்தாத்தான் அப்படித் தெரிய மாட்டேங்குது."

கடன் கேட்டு ஐந்து பேரும் பேங்குக்குப் போனார்கள். மேனேஜர் தமயந்தி பொறுமைசாலி. இவர்கள் கொண்டுபோன நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"உங்களோடது ரொம்பச் சின்ன முதல். கடன் அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க போட்ட முதலை எடுக்கப் பாருங்க."

மொக்கையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முதலையா? மேடம், நான் போட்டது மாடு!"

நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே மேனேஜர் சொன்னார்: "அதேதாங்க. இப்படியே விட்டீங்கன்னா அது உங்க கையைக் கடிச்சிரும்."

திரும்பி வருகிற பஸ்ஸில், சின்னமனூர் தாண்டியதும் மொக்கையன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான்.

"எம்மாட்டைத் தின்னது அதுதான். பணமாத்தானே மாத்திருக்கோம், பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

சுருளிவேல் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். "நாலு மாசமா லாபத்தையெல்லாம் யாரு திங்கிறான்னு தேடுனோமேப்பா. இப்பப் பிடிபட்டுருச்சுல்ல. குடோன்ல பஞ்சு மூட்டைக்குள்ளதான் கெடக்கணும்."

"ஏண்ணே, முதலை தண்ணியிலல்ல இருக்கும்? பஞ்சு மூட்டையில எப்படிக் கெடக்கும்?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"மெத்துன்னு எடம் கெடச்சா யாருக்குத்தான் கசக்கும்?" என்றார் சுருளிவேல்.

மறுநாள் காலையில் குடோனைச் சுற்றி வளைத்தார்கள். கடிக்காமல் இருக்க ஆளுக்கு இரண்டு தலையணை உறையைக் கையில் மாட்டிக்கொண்டார்கள். மொக்கையன் மட்டும் மாட்டவில்லை. அதன் கழுத்தை வெறுங்கையால் நெரித்தால்தான் தன் மனசு ஆறும் என்றான். ஒவ்வொரு மூட்டையாக வாசலுக்கு இழுத்துவந்து, அவிழ்த்து, தடியால் குத்திப் பார்த்தார்கள்.

ஆடி மாதம் என்று முதலிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அரைமணி நேரத்தில் ஊரே வெள்ளையாகிவிட்டது. கூரை, வேலி, உலர்த்தின துணி, ஊற்றின தோசை எல்லாவற்றிலும் பஞ்சு. எருமைகள்கூடப் பசுமாட்டு நிறத்துக்கு வந்துவிட்டன. மொக்கையன் தடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், ஒவ்வொன்றின் முகத்தையும் கிட்டத்தில் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

கடைசி மூட்டையை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஓர் ஓணான் தலையை ஆட்டியது.

"இதுவா?" என்றான் பவுன்ராஜ். "முதலைன்னா படகு மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்களே."

"மேடம் என்ன சொன்னாங்க? சின்ன முதலுன்னுதானே சொன்னாங்க" என்றாள் போதும்பொண்ணு. "பெரிய கம்பெனியா இருந்தாத்தான் பெரிய முதலை வரும். நம்ம தரத்துக்கு இதுதான்."

"இத்தனூண்டு எப்படி ஒரு முழு மாட்டைத் தின்னுச்சு?" என்றான் ஒச்சப்பன்.

"நாலு மாசம் ஆயிருக்குல்ல" என்றார் சுருளிவேல்.

மொக்கையன் பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்தான். அது திரும்பி அவன் பெருவிரலைக் கவ்வியது.

"கடிச்சிருச்சு! கையைக் கடிச்சிருச்சு!" என்று அவன் அலறினான். சந்தேகம் தீர்ந்தது என்று மற்ற நாலு பேரும் கைதட்டினார்கள்.

அதைத் தூக்குவாளியில் போட்டு மூடி, மத்தியானமே பேங்குக்குக் கொண்டுபோனார்கள். "முதலை எடுத்துட்டோம் மேடம்" என்று சுருளிவேல் பணிவாக மூடியைத் திறந்தார். மேனேஜர் நாற்காலிமேல் ஏறி நின்றார். அவர் கீழே இறங்கிவந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் ஐந்து பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன்" என்றார் அவர், வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்துத் தலையணை செஞ்சாலும் நூறு செஞ்சாலும் குடோன் வாடகை ஒண்ணுதான். அதனால உற்பத்தியைப் பெருக்குங்க. எண்ணிக்கை கூடக்கூட, ஒரு தலையணைக்கு ஆகிற செலவு குறையும். டவுன் கடைக்காரருக்கு அப்படித்தான் கட்டுப்படி ஆகுது. இப்பத் தயவுசெஞ்சு அதை எடுத்துட்டுப் போங்க."

அதை வழியில் வேலியோரம் விட்டுவிட்டு ஊருக்கு வந்ததும் போதும்பொண்ணு விளக்குமாற்றை எடுத்தாள். உற்பத்தி அப்போது ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்ததால் தெருத்தெருவாகப் பெருக்கவேண்டியிருந்தது. மூன்று நாள் பெருக்கினார்கள். போன பஞ்சில் முக்கால்வாசி திரும்பி வந்தது. கூடவே புளிய இலை, பஸ் டிக்கெட், ஒரு கோழிமுட்டை.

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் சுருளிவேல். "பெருக்குன்னாங்க, பெருக்குனோம், கெடச்சிருச்சு."

அத்தனையையும் திணித்துத் தைத்தார்கள். முட்டை எந்தத் தலையணைக்குள் போனது என்று அப்போது தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு தலையணை கீச்சுக்கீச்சென்று கத்தியது. வாங்கினவர் குஞ்சுக்குத் தனியாகக் காசு எதுவும் தரவில்லை.

பெருக்கியாயிற்று. அடுத்தது எண்ணிக்கை. கையில் முப்பது தலையணைதான் மிச்சமிருந்தது. புதுப் பஞ்சு வாங்கக் காசில்லை. பஞ்சு இல்லாமல் எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவது என்று எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து யோசித்தார்கள். இந்தத் தடவை வழி கண்டவன் ஒச்சப்பன்.

"அண்ணே, இந்தத் தலையணையை ரெண்டா நறுக்கித் தச்சா?"

நறுக்கினார்கள். முப்பது அறுபதானது. ஒரு தலையணைக்கு ஆகிற செலவு நூற்றெண்பதிலிருந்து தொண்ணூறாகக் குறைந்தது. மேனேஜர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

பவுன்ராஜ் சுவரில் எழுதிக் கணக்குப் போட்டான். "முன்னாடி ஒண்ணு வித்தா முப்பது ரூபா நட்டம். இப்ப இதைப் பாதி விலைக்கு வித்தா பதினஞ்சு ரூபாதான் நட்டம்."

"இன்னொரு தடவை நறுக்கு" என்றார் சுருளிவேல்.

ஏழரை ரூபாய்.

"நறுக்கு நறுக்கு. நட்டம் தீர்ற வரைக்கும் நறுக்கு."

ஆறு தடவை நறுக்கினார்கள். நூல் செலவு ஏறிக்கொண்டே போனது. அதை வேறு நோட்டில் எழுதினார்கள், வேறு நோட்டில் எழுதினால் இந்த நோட்டை உறுத்தாது என்று. கடைசியில் ஒரு தலையணைக்கு நட்டம் அரை ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தலையணையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு இறங்கியது. தைத்துத் தைத்துப் போதும்பொண்ணின் விரல் நுனியெல்லாம் புண்.

சந்தையில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். வந்தவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிய்யா தலை வைக்கிறது?" என்றார்கள்.

"ஒரேயடியா முழுத் தலையையும் வைக்கக் கூடாதுங்க" என்றான் ஒச்சப்பன். "கொஞ்சங்கொஞ்சமா வச்சுப் பழகணும்."

ஒன்றுகூட விற்கவில்லை. இரண்டு சந்தை போனது. மொக்கையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். சாயங்காலமானால் மாடு கட்டியிருந்த கொட்டத்தில் போய்க் காலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "பேசாம முதலையையாவது விடாம வச்சிருந்திருக்கலாம்" என்று புலம்பினான்.

மூன்றாவது சந்தையில், மதுரையிலிருந்து வந்த ஒருவர் இவர்கள் கடை முன்னால் நின்றார். பெயர் சிவஞானம். கைக்கடிகார மொத்த வியாபாரி. பெட்டிக்குள் கடிகாரத்தைச் சுற்றி வைக்கிறதற்குச் சின்னதாகத் தலையணை தேடி ஆறு மாதமாக அலைகிற மனிதர். ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பையிலிருந்து கடிகாரம் ஒன்றை எடுத்து அதில் மாட்டினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"ஒண்ணு பதினஞ்சு ரூபா தர்றேன். ரெண்டாயிரம் வேணும்."

கையிலிருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கோழிக்குஞ்சு கத்திய தலையணை திரும்பி வந்திருந்தது, அதையும் குஞ்சை எடுத்துவிட்டு நறுக்கி, உள்ளூரில் இன்னொன்றைக் கேட்டு வாங்கி நறுக்கி, இரண்டாயிரத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முப்பதாயிரம் ரூபாய் வந்தது. நூல் நோட்டு, வாடகை பாக்கி, பஞ்சுக்கடை, ஆளுக்குக் கூலி எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக இருபத்திரண்டாயிரம் டப்பாவில் அப்படியே கிடந்தது.

ஐந்து பேருக்கும் பயம் வந்துவிட்டது.

"யாரோ கூலி வாங்காம இருக்கீங்க. யாருன்னு ஒழுங்காச் சொல்லிருங்க" என்றார் சுருளிவேல்.

எல்லோரும் வாங்கியாயிற்று என்று சத்தியம் செய்தார்கள்.

"அப்பக் காசு எப்படி மிஞ்சும்? இத்தனை மாசம் தொழில் பண்றோம், ஒருதரமாவது மிஞ்சியிருக்கா? எங்கேயோ தப்பு நடந்துருக்கு."

போலீசுக்குத் தெரிவதற்கு முன்னால் பணத்தைச் செலவழித்துவிடுவதுதான் நல்லது என்று முடிவானது. மொக்கையனிடம் கொடுத்தார்கள். அவன் ஓட்டமும் நடையுமாகப் பக்கத்து ஊருக்குப் போய்த் தன் பசுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான். வாங்கினவர் இருபத்திரண்டாயிரம் கேட்டாராம், மறு பேச்சில்லாமல் கொடுத்துவிட்டான். "இருபதுக்குப் போன மாடு இருபத்திரண்டுக்குத் திரும்பி வந்துருக்கு. ரெண்டாயிரம் லாபம்" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு ராத்திரி அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த மாதமே சிவஞானம் போன் செய்தார். குரலில் அவசரம்.

"தீபாவளி வருது. அம்பதாயிரம் தலையணைக்குப் பஞ்சும் துணியும் நானே அனுப்பிடுறேன். ஆனா ஒண்ணு, போன தடவை மாதிரி சில்லறை சில்லறையாத் தராதீங்க. எனக்கு மொத்தமா வேணும்."

போனை வைத்துவிட்டு சுருளிவேல் நாலு பேரையும் பார்த்தார். "மொத்தமா வேணுமாம்."

"எவ்வளவு மொத்தம்ணே?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"அம்பதாயிரம் தலையணை மொத்தம்."

போதும்பொண்ணு புண் ஆறிய விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு தச்சா எனக்கும் சுளுவுதான்."

லாரியில் பஞ்சு வந்தது. துணியை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக் குடோன் அகலத்துக்கு உறை தைத்தார்கள். வெளியிலிருந்து திணித்தால் மூலைக்குப் பஞ்சு போய்ச் சேரவில்லை என்று ஐந்து பேரும் உள்ளே இறங்கி மிதித்தார்கள். மூன்று நாள் மிதித்தார்கள். மொக்கையன் நடுநடுவே வெளியே வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஓரத்துத் தையல்தான் பாக்கி.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிவஞானம் லாரியோடு வந்து இறங்கினார். குடோன் கதவைத் திறந்தார். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே தலையணை. ஆள் ஒருவரையும் காணோம்.

"யாருங்க இருக்கீங்க?" என்று கத்தினார்.

தலையணைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"நல்லா இறுக்கித் தச்சியாம்மா?"

"இறுக்கித் தச்சு முடிச்சும் போட்டாச்சுண்ணே. இந்தப் பக்கத்துல ஒரு ஓட்டைகூட இல்ல."

"சிவஞானம் சார் குரல் மாதிரி இருக்கே" என்றது இன்னொரு குரல். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு சுருளிவேல் மரியாதையாகச் சொன்னார்:

"சாருங்களா? வாங்க, உட்காருங்க. நேத்து சாயங்காலத்துலருந்து எங்க ஊர்ல கரண்டு இல்ல, ஒரே இருட்டு. கரண்டு வந்ததும் நாங்களே தூக்கிட்டு வந்து லாரியில ஏத்திர்றோம்."