நீலப் பாசி போட்ட கள்ளன்

காவனூரை ஆண்ட மாணிக்கவேல ராஜாவுக்குத் தோல்பொம்மைக் கூத்து என்றால் உயிர். இலையில் சோறு ஆறிப் போனாலும் சரி, கூத்துத் திரை முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் திரையில் பார்த்ததையெல்லாம் அப்படியே நம்பிவிடுவார். ராஜாவைப் போய் இப்படிச் சொல்லக் கூடாது, என்ன செய்வது, நடந்தது அதுதானே.

கூத்துக்காரர் பெயர் ஏகோஜி ராவு. அவர் எந்தக் கதை ஆடினாலும் அதில் ஒரு கள்ளன் வருவான். கழுத்து நிறைய நீலப் பாசிமணி. அவன் தலை தெரிந்ததுமே சின்னப் பிள்ளைகள்கூட, "கள்ளன் வந்துட்டான்" என்று கத்தும். பாவம், அவன் அதுவரை வாயைக்கூடத் திறந்திருக்க மாட்டான்.

ஒருநாள் கூத்துப் பார்த்துவிட்டு வந்த ராஜாவுக்குத் திடீரென்று ஒரு பயம். மலையிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் நீலப் பாசிதானே போட்டிருக்கிறார்கள்? மறுநாளே தண்டோரா போட்டுவிட்டார்கள். நீலப் பாசி போட்டவர் யாரும் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது.

சந்தை நாள் வந்தது. மலையில் தேன் எடுக்கிற மாதி என்பவள் வாசலில் வந்து நின்றாள். தலையில் தேன் குடம், இடுப்பில் கைப்பிள்ளை. காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"பாசியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ."

"கழற்றக் கூடாதுங்க. கல்யாணத்தன்னைக்கு நானும் என் வீட்டுக்காரரும் மாத்திக்கிட்ட பாசி. ஒருத்தர் செத்தாத்தான் இன்னொருத்தர் கழற்றுவோம். அவர் நல்லா இருக்கும்போது நான் எப்படிக் கழற்றுவேன்?"

"அப்படியானால் திரும்பிப் போ."

"தேனைக் கொடுத்துத்தான் அரிசி வாங்கணும். வெறுங்கையா மலையேறினா பிள்ளைகளுக்கு என்ன பொங்குவேன்?"

அரசவை விகடகவி திருமேனி அந்த வழியாக வந்தார். அவர் நாக்குக்குப் பயந்து மந்திரிகள்கூட ஒதுங்கிப் போவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இங்கேயே இரும்மா, வந்துவிடுகிறேன்" என்று நேராக ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, வாசலில் நிற்கிற பெண் என்ன திருடினாள்?"

"இன்னும் திருடவில்லை. உள்ளே விட்டால் திருடுவாள்."

"யார் சொன்னது?"

"யார் சொல்ல வேண்டும்? சின்ன வயசிலிருந்து கூத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்."

"கூத்தில் வருவதெல்லாம் நிஜமா மகாராஜா?"

"ஊரே பார்த்துத் தலையாட்டுகிறது. பொய்யாக இருக்குமா?"

திருமேனி சன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தார். மலைப் பக்கம் கருகருவென்று மேகம் திரண்டு வந்தது. அரண்மனை ஆட்களைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். ராஜா தோட்டத்தில் உலாவப் போனார்.

பிடித்துக்கொண்டது மழை. ராஜா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வாயில்காப்போன் கும்பிட்டான்.

"மகாராஜா, மழை பெய்கிறது."

"தெரிகிறது, வழியை விடு."

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். "மகாராஜா, வெளியே மழைங்க."

"அதனால்தானே ஓடி வருகிறேன்."

தலை துவட்ட வந்த வேலைக்காரி பணிவாகச் சொன்னாள். "மகாராஜா, உங்கள் தலையில் சொட்டுவது மழைத் தண்ணீர்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன இது, எனக்குக் கண் இல்லையா? யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான்" என்று திருமேனி முன்னால் வந்தார். "கூத்தில் ராஜா கொலுவில் உட்கார்ந்ததும் முதலில் என்ன கேட்பார், மகாராஜா?"

ராஜா கோபத்தை மறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அதே குரலில் சொன்னார். "மந்திரி, நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

"அதேதான். மழை பெய்தால் ராஜாக்களுக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். ஊரே பார்த்துத் தலையாட்டுகிறது. பொய்யாக இருக்குமா?"

"அட, அது பொம்மை ராஜா. ஏகோஜியின் பெட்டியில் இருப்பதே ஒரு ராஜாதான். எல்லாக் கதைக்கும் அவனையே தூக்கி நிறுத்துகிறார். அதற்கு நான் பொறுப்பா?"

"அந்தப் பெட்டியில் கள்ளன் எத்தனை பேர், மகாராஜா?"

ஏகோஜி ராவைச் சபைக்குக் கூட்டிவர ஆள் போயிற்று.

"ராவு, கள்ளனுக்கு ஏன் நீலப் பாசி போட்டீர்?" என்று கேட்டார் ராஜா.

"எங்க அப்பா காலத்துப் பொம்மைங்க. விளக்கு வெளிச்சத்துல நீலம் நல்லா எடுப்பாத் தெரியும். வேற ஒண்ணும் இல்லை."

"மலைக்காரர்கள் திருடி நீர் பார்த்திருக்கிறீரா?"

"மலைக்காரங்களையே நான் பக்கத்துல பார்த்ததில்லைங்க."

ராஜா தலை குனிந்தார். "அந்தத் தாயை உள்ளே கூப்பிடுங்கள். மழையில் பிள்ளையோடு நிற்கிறாள்" என்றார். மாதி தொப்பலாக நனைந்து வந்தாள். பிள்ளை மட்டும் முந்தானைக்குள் நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. தேன் முழுவதும் அரண்மனைக்கே போயிற்று. அவள் தூக்க முடிந்த மட்டும் அரிசி கட்டிக் கொடுத்தார்கள். பழைய உத்தரவு செல்லாது என்று மறுபடி தண்டோரா போட ஆள் ஓடினான். ராஜா தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துத் திருமேனிக்குப் போர்த்தினார். அதுவும் ஈரம்தான்.

பிறகு ஏகோஜி பக்கம் திரும்பினார். "கள்ளன் கழுத்திலிருந்து அந்தப் பாசியை எடுத்துவிடும். வேறு ஏதாவது போட்டுக்கொள்ளும்."

"பெரிய தலைப்பாகை வெச்சிடலாங்களா?"

சபையில் இருந்த செட்டியார் தன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"அப்ப காதுல கடுக்கன்?"

தளபதி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முறைத்தார்.

"சரிங்க, முறுக்கு மீசை வெச்சிடறேன்."

"அது வேண்டாம்" என்றார் ராஜா அவசரமாக, மீசையைக் கையால் மூடிக்கொண்டு.

ஏகோஜிக்கு அழுகை வராத குறை. "பின்னே நான் என்னதாங்க செய்யறது? அவன் வந்து நின்னதும் கள்ளன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஈரச் சால்வையைப் பிழிந்துகொண்டே திருமேனி சொன்னார்.

"அவன் திருடுகிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லும் ராவு."