குப்பாண்டி ஆமைக்கு எடுத்த விழா

ஒரு காட்டில் ஏரி உடையப் பார்த்தது. காரணம் மழை இல்லை. பாராட்டு விழா.

சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அந்த ஏரிக்கு ஒரு கலங்கல் உண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையில் தாழ்வாக விட்டிருக்கும் இடம்தான் கலங்கல். அதில் மரமும் செத்தையும் வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக வழி கிடையாது. கரையைத்தான் உடைக்கும். கரைக்குக் கீழே பள்ளத்தில் முயல்களின் வளைகள். உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கலங்கலைப் பார்த்துக்கொள்வது குப்பாண்டி ஆமையின் வேலை. மழை வந்தால் போகும். செத்தையைக் கடித்து இழுக்கும். திரும்பி வரும். நாற்பது மழைக்காலம் இப்படி. ஒரு முறைகூடக் கரை உடையவில்லை. உடையாததால், அப்படி ஓர் ஆமை இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

நாற்பத்தோராவது மழைக்காலத்தில் அதற்கு ஓய்வு என்று முடிவாயிற்று. அப்போதுதான் காட்டுக்கு ஆமை ஞாபகம் வந்தது.

"சும்மா அனுப்பினா நல்லாவா இருக்கும்? விழா எடுப்போம்!" என்றது குரங்கு. விழா என்றால் குரங்குக்குப் பசியே எடுக்காது.

ஏரிக்கரையின் உள்சரிவில் பந்தல் போட்டன. தலைமை யானை. வாழ்த்துப்பா மயில். ஆமையைத் தூக்கி நடுவில் ஒரு பாறைமேல் வைத்தன. பக்கத்தில் அதன் மனைவி பேச்சாயி. பெயர்தான் பேச்சாயி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

மலையில் இரண்டு நாளாக மழை. ஏரி ஏறிக்கொண்டே இருந்தது.

முதலில் யானை பேசியது. "நாற்பது ஆண்டுகள்! இந்தக் கரையில் ஒரு விரிசல் உண்டா? ஒரு கசிவு உண்டா?" என்று முழங்கியது. கைதட்டல்.

அப்போது ஒரு தாய் முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"குப்பாண்டி ஐயா! பெரிய மரம் ஒண்ணு மிதந்து வந்து கலங்கல்ல குறுக்கே மாட்டிக்கிச்சு. தண்ணி போகலை. என் குட்டிங்க மூணும் வளைக்குள்ள இருக்குதுங்க. இன்னும் கண்ணுகூடத் திறக்கலை!"

குரங்கு பாய்ந்து வந்து முயலை மறித்தது. "பேசணுமா? பேரைச் சொல்லு. உன் முறை பதினேழாவது."

"நான் பேச வரலைங்க. ஒரு விஷயம் சொல்ல வந்தேன்."

"இங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பதினேழு. அங்க போய் உட்காரு."

ஆமை எழுந்திருக்கப் பார்த்தது. குரங்கு அதன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு அமுக்கியது.

"விழா நாயகர் பாதியில எந்திரிக்கலாமா? சபைக்கு மரியாதை இல்லையே!"

"கலங்கல் அடைச்சிருக்காம் தம்பி."

"நீங்க ஓய்வு வாங்கிட்டீங்க. இன்னிக்குமா கலங்கல்?" என்று இன்னொரு மாலையைப் போட்டது குரங்கு.

ஆமை யானையைப் பார்த்தது. "தலைவரே, நீங்க ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். மரம் வந்துடும்."

யானை முகம் சுளித்தது. "மரம் இழுக்கிறது தலைவர் பண்ற வேலையா? மனு எழுதிக் குடுங்க. விழா முடியட்டும், பார்ப்போம்."

மயில் வாழ்த்துப்பாவைத் தொடங்கியது. ஆமையை மலை என்றது. கடல் என்றது. காட்டின் கண் என்றது.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஆமைக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வருடமாக யாரும் அதனிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்தப் பாட்டு முடியட்டும், இறங்கிப் போகலாம் என்று நினைத்தது. பாட்டு முடிந்தது. அடுத்து நரி எழுந்தது. நரியும் நன்றாகத்தான் புகழ்ந்தது. சரி, இதுவும் முடியட்டும் என்று நினைத்தது ஆமை. அதற்குள் மாலைகள் கண்வரைக்கும் ஏறிவிட்டன. இப்போது இறங்கலாம் என்றால் காலைக் காணோம்.

ஏரித் தண்ணீர் பந்தல்கால்களைத் தொட்டது.

"ஏற்பாடு பிரமாதம். குளுகுளுன்னு இருக்கு!" என்றது நரி.

ஆமை மாலைக்குள்ளிருந்து மெல்லக் கூப்பிட்டது. "ஏ பேச்சாயி... என்னால அசைய முடியலை. கரை போயிடும்போல இருக்கே. என்ன பண்றது?"

பேச்சாயி நரியின் பேச்சு தொடங்கும்போதே இறங்கிப் போய்விட்டது. அதற்கு யாரும் மாலை போடவில்லை. அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை.

சற்று நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து அதன் தலை எட்டிப் பார்த்தது. வாயில் தடிமனான ஒரு காட்டுக்கொடி. கொடி முழுக்க மஞ்சள் பூ. மறுமுனை எங்கேயோ தண்ணீருக்குள் போயிற்று. பேச்சாயி நேராக யானையிடம் வந்து கொடியைக் கீழே வைத்தது.

"தலைவரே, எங்க வீட்டுக்காரருக்கு நினைவுச் சின்னம் ஒண்ணு இருக்கு. திறந்து வைக்கணும்."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லையே!" என்றது குரங்கு.

யானை குரங்கைக் கண்டுகொள்ளவில்லை. காது இரண்டும் விரிந்துவிட்டன. "நானா திறக்கணும்?"

"நரியை வச்சுத் திறக்கலாமான்னு யோசிச்சேன்."

"நரியா!" யானை கொடியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டது.

குரங்குக்கு மனம் ஆறவில்லை. "கொடியை வெட்டுறதுதானே வழக்கம்?"

"வெட்டுறது சின்னவங்க. பெரியவங்க இழுப்பாங்க" என்றது பேச்சாயி.

அதற்குமேல் யானையை யார் பிடிப்பது? துதிக்கையில் கொடியைச் சுற்றி இழுத்தது. கொடி விறைத்தது.

"சின்னம் கனமா இருக்கே?"

"பெரிய சின்னங்க."

யானை காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இன்னோர் இழுப்பு இழுத்தது. கலங்கலில் 'மடார்' என்று ஒரு சத்தம். குறுக்கே கிடந்த மரம், பேச்சாயி கட்டிவிட்டிருந்த கொடியின் மறுமுனையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அடைபட்டுக் கிடந்த தண்ணீர் ஓவென்று கலங்கல் வழியாகப் பாய்ந்தது. பார்க்கப் பார்க்க ஏரி ஒரு முழம் இறங்கியது. முயல் தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. குட்டிகளைப் பார்க்க ஓடிவிட்டது.

யானை வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தது. "சின்னம் எங்கே?"

"நீங்க நிக்கிறதே அது மேலதான்" என்றது பேச்சாயி.

யானை காலைத் தூக்கிக் கரையைப் பார்த்தது. புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டியது. எல்லாம் கைதட்டின.

பேச்சாயி மாலைகளை ஒவ்வொன்றாகக் கடித்து எறிந்தது. ஆமையின் முகம் வெளியே வந்தது.

"மயில் பாடுனப்பவே நான் எந்திரிச்சிருக்கணும்" என்றது ஆமை.

"ஆமா" என்றது பேச்சாயி.

மறுநாள் அங்கே ஒரு கல் நட்டன. அதில் யானையின் பெயர் பெரிதாக இருக்கிறது. ஆமையின் பெயர் சிறிதாக இருக்கிறது. குரங்கின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீங்கள் ஏமாற வேண்டாம். அன்றைக்கு ஏரியைக் காத்தது பேச்சாயி.

நீதி: ஒருவரின் உழைப்பைப் போற்ற நினைத்தால், முதலில் அவர் செய்த வேலை நின்றுபோகாமல் பாருங்கள்.