பெரியப்பா ஆன முதலாளி

கூலிக்கு வைத்த ஆளை ஒரு முதலாளி "என் கூடப்பிறந்தவன்" என்று சொன்னால் நீங்க சந்தோஷப்படுவீங்களா, சந்தேகப்படுவீங்களா?

நாச்சிமுத்துவின் தேங்காய் நார் மில்லில் சுவர் இடிந்து விழுந்து, அங்கே கூலி வேலை பார்த்த குமரவேல் செத்துப்போனான். அவன் மனைவி தெய்வானை கைக்குழந்தையோடு தொழிலாளர் ஆபீசுக்குப் போய் நஷ்டஈடு கேட்டாள். ஆபீசரம்மா கூப்பிட்டு விசாரித்ததும் நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் என்கிட்ட வேலை பார்த்த ஆளே இல்லீங்க. எனக்குத் தம்பிங்க! சும்மா ஒத்தாசைக்கு வந்து போவான். தம்பிக்கு எவனாச்சும் கூலி கொடுப்பானா?"

தெய்வானை சட்டென்று குழந்தையை அவர் மடியில் உட்காரவைத்தாள்.

"பாப்பா, பெரியப்பாகிட்ட இரு. நாளைக்கே பெரியப்பா வீட்டுக்குக் குடிபோயிடலாம். ஏனுங்க, மில்லுல தம்பி பங்கு பாதிதானுங்க? எங்களுக்கு எந்தப் பக்கம்? மிஷின் இருக்கற பக்கமா, கிணறு இருக்கற பக்கமா?"

நாச்சிமுத்து குழந்தையோடு துள்ளி எழுந்தார்.

"பங்காவது! அவன் யாரோ, நான் யாரோ! சனிக்கிழமை ஆனா என் கையால கூலி வாங்கிட்டுப் போன ஆளுங்க அவன்!"

தெய்வானை குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆபீசரம்மா, இவர் கடைசியாச் சொன்னதை அப்படியே எழுதி, ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிருங்க."