தாண்டிப் போன வரி

"திருப்பாடல் வறண்டுபோச்சு மதர்" என்றார் இஞ்ஞாசி கொரேரா.

மதர் பெர்பேத்து கடற்கரைக் கன்னியர் மடத்தின் தலைவி. வயதில் கொரேராவுக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் ஜெபம் கற்க அவரிடம்தான் கொரேரா போய்வந்தார்.

எந்தப் பாடல் என்று மதர் கேட்டார்.

வேதாகமத்தின் நூற்று முப்பத்தொன்பதாம் திருப்பாடல். தினமும் விடியலில் அதைத்தான் வாசிக்கிறார். பகைவரைப் பற்றிய வரி வரும்போது மட்டும் உடம்பெல்லாம் சூடேறுகிறது. மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

பகைவன் யாரென்று ஊருக்கே தெரியும். ஒரு புயலன்று நடுக்கடலில் கொரேராவின் மகனுடைய வள்ளம் கவிழ்ந்தது. பக்கத்தில் இன்னொரு வள்ளத்தில் போன சூசை லோபோ, தேடாமல் கரைக்குத் திரும்பினான். மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"வாசிங்க" என்றார் மதர்.

கொரேரா மனப்பாடமாகவே சொன்னார். பகைவர் வரியில் குரல் ஓங்கியது.

"நடுவில் ஒரு வரி விட்டுப்போச்சு."

கொரேரா மறுத்தார். சிறுவயதிலிருந்து சொல்லிவரும் பாடல், எப்படி விடும்?

மதர் வேதாகமத்தை விரித்துக் கொடுத்தார். பார்த்து வாசித்தார் கொரேரா. கண் அந்த வரியைத் தாண்டிப் போனது. அது அவருக்கே தெரியவில்லை.

மதர் விரலை வைத்துக் காட்டினார்.

கடலின் கடைக்கோடிக்கே போனாலும், அங்கேயும் உம் கை என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று இருந்தது.

கொரேரா அதை உதட்டுக்குள் வாசித்தார்.

"இது பொய் மதர்" என்றார்.

"என்கிட்டச் சொல்லி என்ன?"

"பிறகு யாருகிட்ட?"

"அந்த வரி யாரோடு பேசுது?"

கொரேரா மீண்டும் குனிந்து பார்த்தார். 'உம் கை' என்ற இடத்தில் கண் நின்றது.

புத்தகத்தை மடியில் வைத்தார். மதரைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை.

"எம் புள்ள தண்ணிக்குள்ள கிடந்தப்ப, உம்ம கை எங்க இருந்துச்சு?"

மெதுவாகத்தான் கேட்டார். மகன் போன நாளிலிருந்து அழாதவர் அழுதார். தேற்ற ஒரு வார்த்தையும் மதர் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அழுகை அடங்கியது.

"இத்தனை நாளும் சூசையைத்தான் ஏசினேன்" என்றார் கொரேரா. "கோபம் அவன்மேல இல்ல போல."

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆண்டவரையே கேள்வி கேட்டுட்டேன். பாவமா மதர்?"

"அடுத்த வரியை வாசிங்க."

அடுத்த வரி இருட்டைப் பற்றியது. யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதுபோல, தலையை நிமிர்த்தி, கொரேரா அதை வாசித்தார்.